கல்பாத்தி முதல் காந்தலூர் வரை: மூன்று நாள் சைக்கிள் பயணம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ஜூலை மாதக் கடைசியில் பாலக்காட்டில் போய் நிற்க வேண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுமே 2,600 மீட்டரைத் தாண்டும் மலைகள். நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாக ஒரு வாசல். அந்த வாசலின் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். அரபிக்கடலில் கிளம்பும் காற்று இதற்குள் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை வரை ஓடுகிறது. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நட்டு வைத்திருப்பதும் இதை நம்பித்தான்.

சைக்கிள்காரனுக்கு இது ஒரு சலுகை. மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மார்கழியில் போனால் இதே காற்று திசை மாறி முகத்தில் அறையும். எங்களுக்கு மஸ்கட்டில் பள்ளி விடுமுறை ஜூலையில்தான் வருகிறது. ஆக, காலண்டரும் காற்றும் ஒத்துப் போயின.

திட்டம் இதுதான். பாலக்காடு கல்பாத்தியில் கிளம்பி, கொல்லங்கோடு வழியாகப் பொள்ளாச்சி. அங்கிருந்து உடுமலைப்பேட்டை. பிறகு மலையேறி இடுக்கி மாவட்டத்து மறையூர், காந்தலூர். கேரளத்தில் தொடங்கி, நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடி கேரளத்தில் முடிகிற பாதை. பயணிகள் மூன்று பேர்: நான், பதின்மூன்று வயது மகன், பொள்ளாச்சியில் என்னோடு பி.காம் படித்த நண்பன். நண்பன் தினமும் காலையில் இருபது கிலோமீட்டர் மிதிக்கிற ஆள். சைக்கிள்கள் எல்லாம் அவன் ஏற்பாடு.

மூணாறு போகாமல் ஏன் இந்தச் சுற்று என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் உண்டு. இந்தப் பாதையின் இரு முனைகளிலும் இருப்பவை தமிழ் பேசுகிற பழைய ஊர்கள். பல தலைமுறைக்கு முன்னால் சொந்த ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் அமைத்த ஊர்கள். நம் வீடுகளில் முதல் தலைமுறையிலேயே தமிழ் தள்ளாடுகிறது. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அவர்கள் மட்டும் எப்படிச் சமாளித்தார்கள்?

இன்னொரு காரணம், எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பு. அதற்குக் கணக்கு எழுதுவது நான். முப்பத்திரண்டு பிள்ளைகள் வந்த வகுப்புக்கு இப்போது பதினான்கு பேர்தான் வருகிறார்கள். செப்டம்பரில் ஹால் வாடகையைப் புதுப்பிக்க வேண்டும். "எதுக்குங்க ஹால்? கம்ப்யூட்டர்லயே நடத்திடலாம், செலவும் மிச்சம்" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. என் கருத்தை ஊருக்குப் போய்வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

முதல் நாள்: கல்பாத்தி

பாலக்காட்டில் அக்ரஹாரத்தை அக்ரஹாரம் என்று சொல்வது குறைவு. 'கிராமம்' என்பார்கள். அந்த வட்டாரத்தில் இப்படி 96 கிராமங்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அதில் பேர்போனது கல்பாத்தி. ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில். தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும், அதனால் குண்டம்பலம் என்றும் பெயர். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று ஒரு பேச்சு உண்டு.

கோயில் எழுந்த காலத்தை 1425-ஐ ஒட்டிச் சொல்கிறார்கள். சேகரிபுரத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாள் என்ற விதவை காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்தார், கோயில் கட்டி நடத்த 1,320 பொன்னை அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்தார் என்பது வரலாறு. வங்கிக்காரன் என்பதால் எனக்கு அந்த 1,320-இல்தான் கண் போனது. புது ஊரில் குடியேறியவர்கள் முதல் வேலையாகப் பொதுவில் ஒரு நிதி வைத்து, எல்லோரும் கூடுவதற்கு ஓர் இடம் செய்திருக்கிறார்கள். ஐப்பசித் தேர்த் திருவிழாவுக்கு உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கல்பாத்திக்காரர்கள் இன்றும் அங்கே திரும்பி வருகிறார்கள்.

தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள், வாசலில் திண்ணை, தெருவில் கோலம். ஒரு திண்ணையிலிருந்து மாமி ஒருவர் கூப்பிட்டார்.

"சைக்கிள்லயா வரேள்? எவ்விடந்து?"

"மஸ்கட்ல இருக்கோம் மாமி. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம்."

"குட்டிக்குத் தமிழ் அறியுமோ?"

மகன் என்னைப் பார்த்தான். "பேசுவான் மாமி, எழுதத்தான் தகராறு" என்றேன்.

"எனக்கும் தமிழ் எழுதத் தெரியாது கேட்டேளா. பேப்பர் படிக்கறது, கணக்கு எழுதறது எல்லாம் மலையாளம். பேச்சு மட்டும்தான் தமிழ். அதுக்கு என்ன இப்போ?"

இதைக் கேட்டு மகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு யோசனை. வகுப்பில் 'ழ'கரத்துக்கும் 'ற'கரத்துக்கும் நாம் படுத்துகிற பாடு என்ன? இங்கே எழுத்தே இல்லாமல் பேச்சு அறுநூறு வருடம் ஓடியிருக்கிறது. மலையாளம் கலந்திருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் தஞ்சாவூர்க்காரருக்கும் மதுரைக்காரருக்கும் புரிகிற தமிழ்.

கல்பாத்தியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1924 தேர்த் திருவிழாவின்போது ஈழவர்கள் இந்தத் தெருக்களுக்குள் வந்ததைத் தடுத்து மோதல் நடந்தது. வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே வருடம். ஒட்டிய சுவர்கள் உள்ளே இருப்பவர்களைச் சேர்த்து வைத்தன. அதே சுவர்கள் வெளியே இருப்பவர்களை நிறுத்தியும் வைத்தன. மகனிடம் இரண்டையும் சொன்னேன். பெருமையை மட்டும் சொல்லி வளர்த்தால் பின்னால் அவனே படித்துத் தெரிந்துகொண்டு நம்மை நம்பாமல் போய்விடுவான்.

கிளம்பியபோது மணி ஒன்பது. ஊரைத் தாண்டியதும் வயல்களும் கரிம்பனைகளும். மழை வரும், நிற்கும், மறுபடி வரும். புதுநகரத்தில் டீ குடித்தோம். இங்கே ராவுத்தர் குடும்பங்கள் அதிகம். அவர்களும் தமிழ் வழி வந்தவர்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். டீக்கடைக்காரர் எங்களிடம் தமிழிலும், பக்கத்தில் நின்றவரிடம் மலையாளத்திலும், மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசினார். கணவாயின் தரை சமமாக இருப்பதால் ஆயிரம் வருடமாக வியாபாரிகளும் மாட்டு வண்டிகளும் இந்த வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். 1862-இல் மெட்ராஸிலிருந்து பேப்பூருக்குப் போட்ட ரயில் பாதையும் இதற்குள்தான் நுழைந்தது. போனவர்கள் ஊரோடு தொடர்பு விடாமல் இருக்க வசதியான வழி.

காரில் போனால் தெரியாத ஒன்று சைக்கிளில் தெரிந்தது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலும் கண்ணில் படும். வழியில் பார்த்த வீடுகள் பெரும்பாலும் தனித்தனியாக, ஆளுக்கொரு தோட்டத்துக்குள் இருந்தன. பக்கத்து வீட்டுக்குப் பேச வேண்டுமானால் வேலி தாண்டிக் கத்த வேண்டும். கேரளத்துப் பாணி அது. அழகுதான். ஆனால் தமிழ் பேசுகிற இடங்கள் மட்டும் தெருவாக, வரிசையாக இருந்தன.

கொல்லங்கோட்டில் தெற்கே மலைச்சுவர் எழுந்து நிற்கிறது, நெல்லியாம்பதி மலை. மழைக்காலம் என்பதால் சீதார்குண்டு அருவி வெள்ளை நூல் மாதிரி தெரிந்தது. பிறகு முதலமடை, மாந்தோப்புகள். கோவிந்தாபுரத்தில் எல்லை. மாலை நான்கு மணிக்குப் பொள்ளாச்சி. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் பாதி காற்றின் புண்ணியம்.

இரண்டாம் நாள்: சின்ன யானை

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை முப்பது கிலோமீட்டர். தென்னந்தோப்பும் இளநீரும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் ஒன்பதாறு சோதனைச்சாவடி. அதற்கு அப்புறம் ஆனைமலை புலிகள் காப்பகம், சின்னாற்றுப் பாலம் தாண்டினால் கேரளத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். 1984-இல் அறிவித்தது. இது யானைகளின் வழி. சைக்கிளில் சத்தமில்லாமல் ஒரு வளைவைத் திரும்பி யானைக்கு முன்னால் போய் நிற்பது வீரம் ஆகாது. அதுவும் பையனை வைத்துக்கொண்டு. நண்பன் ஏற்கெனவே ஒரு டாடா ஏஸ் பேசி வைத்திருந்தான். நம் ஊரில் அதற்குப் பெயர் சின்ன யானை. யானைக்குப் பயந்து சின்ன யானையில் ஏறிப் போனோம் என்று மகன் இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் காடு ஒரு ஆச்சரியம். காலையில் பாலக்காட்டில் கொட்டிய மழை இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மேற்கே ஆனைமுடி, 2,695 மீட்டர், மேகத்தையெல்லாம் தன் பக்கமே பிழிந்துவிடுகிறது. மலையின் இந்தப் பக்கம் முள்ளும் கள்ளியும். நரை அணில் என்கிற பெரிய சாம்பல் அணில் இங்கே ஆற்றோர மரங்களில் வாழ்கிறது. நாங்கள் பார்த்தது வாலை மட்டும்.

பக்கத்தில் பாம்பாறு ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாற்றுத் தண்ணீர் அமராவதி அணைக்கு வந்து, கரூர் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. "ஆளுங்க மேல போனாங்க, தண்ணி மட்டும் மாசா மாசம் ஊருக்கு வருதுடா, நீ பணம் அனுப்பற மாதிரி" என்றான் நண்பன்.

மறையூருக்குள் நுழைந்ததும் கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள். வனத்துறை காவல் காத்து, ஏலம் விடுகிற மரங்கள். இன்னொரு பக்கம் கரும்பு வயல்கள், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். கொப்பரையில் பாகு கொதிக்க, ஆறியதைக் கையால் உருட்டி உருண்டையாக்குகிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடான வெல்லம் ஒரு கைப்பிடி தின்ற பிறகு மகன் மஸ்கட்டின் எந்த இனிப்பையும் மதிக்கவில்லை.

மூன்றாம் நாள்: அஞ்சுநாடு

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி. இந்த ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. மதுரைச் சீமையின் போர்க்காலங்களில் தப்பி மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. அவர்களுக்கு முன்பே இங்கே மனிதர்கள் இருந்தார்கள். முனியறை என்று சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள் கோவில்கடவுப் பாறைகளில் வரிசையாக நிற்கின்றன. நான்கு கல் பலகைச் சுவர், மேலே ஒரு மூடி. மலையில் வாழும் முதுவர்களும் மதுரையிலிருந்து முதுகில் சுமந்து வந்த கதையைத்தான் தங்கள் பெயருக்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு மறையூரிலிருந்து கிளம்பினோம். முதலில் கோவில்கடவுக்கு இறக்கம். பாம்பாற்றங்கரையில் ஒரு சிவன் கோயில், சாமியின் பெயர் தென்காசிநாதர். மகன்தான் முதலில் பிடித்தான்: "அப்பா, அங்கேயும் காசி, இங்கேயும் காசியா?" ஆமாம். கணவாய் வழியாகப் போனவர்களும் மலையேறி வந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரண்டு பேரும் புது இடத்தில் ஆற்றங்கரை பார்த்து, காசி என்று பெயர் வைத்து, சுற்றிக் குடியேறியிருக்கிறார்கள்.

இதற்கு மேல்தான் ஏற்றம். மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர், காந்தலூர் 1,500-ஐ ஒட்டி. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டு, நடக்கிறவனை விடக் கொஞ்சம் வேகமாக மிதிக்க வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் பத்து நிமிடத்தில் மூச்சு போய்விடும். உட்கார்ந்தே, பேச்சு வருகிற வேகத்தில் போவதுதான் வழி. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். ஒவ்வொரு வளைவிலும் குளிர் கூடியது. படிக்கட்டு வயல்களில் பூண்டு, காய்கறி. இந்தப் பக்கத்துப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. தோட்டங்களில் ஆப்பிள். தொடை எரிய எரிய ஏறும்போதுதான் ஒன்று புரிந்தது. கணவாய் வழியாகப் போனவர்களால் நினைத்தால் திரும்பி வர முடிந்தது. இந்த மலை ஏறியவர்கள் மூட்டையோடும் பிள்ளைகளோடும் ஏறினார்கள், திரும்பும் எண்ணம் இல்லாமல்.

காந்தலூர்ப் பக்கத்துப் பழைய ஊர் ஒன்றில் சைக்கிளை நிறுத்தினோம். நெருக்கமான சந்துகள், ஒட்டிய சுவர்கள், நடுவே கோயிலும் சாவடியும். கல்பாத்தி மாதிரி வசதியான வீடுகள் அல்ல, உழவர்களின் வீடுகள். ஆனால் அமைப்பு அதேதான்: வரிசை, திண்ணை, தெரு. சாவடியில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க பூர்வீகம் மதுரை தம்பி" என்றார்.

"எப்ப வந்தீங்க தாத்தா?" மகன் கேட்டான்.

"நானா? நான் இங்கயே பொறந்தவன். மதுரைய நான் ரெண்டு தடவதான் பார்த்திருக்கேன்."

கல்பாத்தி அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அஞ்சுநாடு திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டுமே கேரளம் ஆயின. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய போராட்டமே நடந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, இவை வரவில்லை. தேவிகுளம் வட்டாரத்தில் தமிழ் வழி அரசுப் பள்ளி வகுப்புகள் உண்டு. ஆக, கல்பாத்தியில் பள்ளியில்லாமல் தமிழ், இங்கே பள்ளியோடு தமிழ். இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது தெரு.

பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது மகனைக் காணோம். எட்டிப் பார்த்தால் சந்தில் ஐந்தாறு பையன்களோடு ரப்பர் பந்து கிரிக்கெட். ஓட்டின் மேல் போனால் அவுட். ஒரு கட்டத்தில் பந்து ஒரு வீட்டுக்குள் போய்விட்டது. போய்க் கேட்கும் முறை இவனுக்கு.

"அத்தை, பந்து உங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எடுத்துக்கட்டுமா?"

'அத்தை' என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முன்னால் போன பையன் அப்படிக் கூப்பிட்டான், இவனும் கூப்பிட்டான். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் விளையாடினான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் பேசிய தமிழ், என் கணக்குப்படி, வகுப்பில் ஒரு வருடம் பேசியதை விட அதிகம். தப்பு விட்டான், சிரித்தார்கள், திருத்திக்கொண்டான். பந்து வேண்டும் என்றால் தமிழில் கேட்டாக வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

தெரு இருந்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது. கல்பாத்தியில் பூட்டிய வீடுகளையும் பார்த்தேன். பிள்ளைகள் மும்பையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். தெருவில் வேலை இல்லையென்றால் தெரு காலியாகும். அஞ்சுநாட்டுச் சந்துகளில் இன்னும் பையன்கள் ஓடுவதற்குக் கரும்பும் பூண்டும் ஒரு காரணம். நமக்கு மஸ்கட்டிலோ மெல்போர்னிலோ தெருவைக் கொண்டுபோய் வைக்க முடியாது. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாத வாழ்க்கை நம்முடையது.

நம்மிடம் இருக்கிற ஒரே தெரு அந்த வாடகை ஹால்தான். வகுப்பு முடிந்து பெற்றோர் வரும் வரை, வராந்தாவில் பிள்ளைகள் ஓடுகிற இருபது நிமிடம். கம்ப்யூட்டரில் வகுப்பு நடத்தினால் பாடம் கிடைக்கும், செலவு மிச்சமாகும், அந்த இருபது நிமிடம் போய்விடும்.

ஊர் திரும்பியதும் குழுவில் நான் வைத்த யோசனை இது. ஹாலை விட வேண்டாம். இரண்டு மணி நேர வகுப்பை ஒரு மணி நேரமாக்குவோம். மீதி ஒரு மணி நேரம் விளையாட்டு. பெரியவர்கள் இரண்டு பேர் கூட இருந்து, தமிழில் மட்டும் பேசி, பந்து எடுத்துக் கொடுப்போம். வாடகைப் பற்றாக்குறைக்கு வருடத்துக்கு ஒரு முறை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு நிதி வைப்போம், லட்சுமி அம்மாள் வைத்த மாதிரி. கதவைத் திறந்து வைப்போம். தமிழ் தெரியாத பக்கத்துவீட்டுப் பிள்ளை வந்தால் அதையும் சேர்த்துக்கொள்வோம்.

ஐந்து பேர் சரி என்றார்கள், மூன்று பேர் யோசிக்கிறார்கள். அடுத்த கூட்டம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை.

போக நினைப்பவர்களுக்கு: கிழக்கே போக ஆடிதான் நல்ல மாதம். காட்டு வழியில் வண்டியில் ஏறுங்கள், பகலிலேயே கடந்துவிடுங்கள். ஏற்றத்துக்குக் கியர் சைக்கிள் இல்லாமல் போகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஒரு ரப்பர் பந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.